சரசரப்பு

பொலித்தீன் பை ஒருதரம் சரசரத்தால் போதும்,
கோட்டை வாசல் ஆலமர நிழலில்
முதலில் ஒரு காது திரும்பும்,
பிறகு கழுத்து,
பிறகு கால்கள்.
பசி கடைசியாகத்தான் வருகிறது,
சத்தத்தின் பின்னால் ஓடிவரும் குட்டிமாதிரி.

நான் மிருக வைத்தியசாலையில் வேலை.
போன மாசி மாதம் பஸ் ஸ்டாண்டின் பின்பக்கம்
செத்துக் கிடந்த கலைமானின் வயிற்றை
டொக்டர் ஜெசிந்தா கீற
நான் வாளி பிடித்தேன்.
புல் ஒரு பிடி. மிச்சமெல்லாம் பைகள்.
ஒன்றில் எழுத்துக்கூட அழியவில்லை:
நன்றி, மீண்டும் வருக.

ருசியில்லாத பையை ஏன் தின்னுது என்று கேட்டேன்.
"எப்பவோ ஒருநாள் அதுக்குள்ள வாழைப்பழம் இருந்திருக்கும்"
என்றார், கையுறையைக் கழற்றிக்கொண்டே.

வெளியே நஜிமுதீன் நானா
லொத்தர் சுரண்டிக்கொண்டிருந்தார்.
பதினேழு சீட்டில் ஒன்றுமில்லை,
பதினெட்டாவதில் நாற்பது ரூபாய்.
ஒவ்வொரு முறையும் விழுந்தால் அலுத்திருக்கும்,
ஒருமுறையும் விழாவிட்டால் விட்டிருப்பார்.
எப்போது என்று தெரியாததுதான்
அவரை அந்தக் கடைவாசலில் கட்டி வைத்திருக்கிறது.
நகக்கண்ணில் வெள்ளித்தூளோடு
மானைப் பார்த்துச் சிரித்தார்:
"புத்தி இல்லாத சாமான்."

எனக்குக் கிடைத்த வேலை இது:
அந்தியில் கோட்டை வாசலில் உட்கார்ந்து
வெறும் பையைச் சரசரக்க வேண்டும்.
எதுவும் கொடுக்கக் கூடாது.
சத்தமும் சோறும் வேறு வேறு என்று
மான்களுக்குத் தெரியவரும்வரை.

முதல் நாள் பதினொன்று வந்தன.
ஐந்தாம் நாள், குறையுமென்று பார்த்தால்,
முட்டின, என் சட்டை நுனியை மென்றன,
பழைய கணக்கைத் தீர்க்க வந்தவர்கள்போல்
மடியில் தலையை வைத்துத் தள்ளின.
"விடுறதுக்கு முதல் அப்பிடித்தான்" என்றார் டொக்டர்.
ஒன்பதாம் நாள் நான்கு.
பன்னிரண்டாம் நாள்
கொழும்பிலிருந்து சுற்றுலா பஸ் ஒன்று வந்தது,
ஒரு சின்னப்பிள்ளை அரைப் பணிஸ் எறிந்தாள்,
அவ்வளவுதான்.
பதின்மூன்றாம் நாள் மறுபடி பதினொன்று,
கூடவே புதிதாக ஒரு குட்டி.

இருட்டியபின் உப்புவெளிப் பக்கம் வீட்டுக்குச் சைக்கிள்.
வழியில் ஒரு ஜூஸ் கடை,
வெள்ளைக்காரருக்காக நீலமும் மஞ்சளும் பூசியது.
முன்பு அங்கே மண்மூட்டை, பீப்பா, சென்றி.
இறங்கி உருட்ட வேண்டும்.
இறங்கினால் ஒன்றுமில்லை:
அந்த ஒன்றுமில்லைதான் எங்களுக்குக் கிடைத்த பரிசு.
ஒருநாள் இறங்க மறந்தேன்.
ஒருநாள் போதும்.

பீப்பாவை எடுத்துப் பத்துப் பதினைந்து வருஷம்.
வலது கால் கனகாலம் கேட்கவில்லை,
அந்த இடம் வந்ததும் தானே இறங்கும்,
கை பைக்குள் அடையாள அட்டையைத் தேடும்.
பிறகு அடங்கிவிட்டது.
மறந்துவிட்டேன் என்றே நினைத்தேன்.
போன கார்த்திகை மழையில்
யாரோ கடைவாசலில் நனைந்த சாக்கை விரித்திருந்தார்கள்.
அந்த மணம்.
கால் தரையில் நின்றது.
உள்ளே ஒரு பெடியன் அன்னாசி வெட்டிக்கொண்டே கேட்டான்:
"என்ன அக்கா, ஜூஸா?"

முப்பத்தோராம் நாள், இன்று,
பையைச் சரசரத்தேன்.
ஒன்றும் வரவில்லை.
கடலைப் பார்த்து மேய்ந்துகொண்டிருந்தன,
உண்மையிலேயே புல்லை.
கொப்பியில் சைபர் என்று எழுதினேன்.
எழுதும்போது பார்த்தேன்,
காது கிழிந்த அந்தக் கிழட்டுப் பிணை
தலை நிமிரவில்லை,
வாய் நிற்கவில்லை.
கிழிந்த காது மட்டும்
என் பக்கம் திரும்பி
மெல்லத் திரும்பப் போனது.

சைபரை வெட்டவில்லை.
பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு
சைக்கிளில் ஏறினேன்.
இன்றைக்கும் மழை இருட்டு.
ஜூஸ் கடை இன்னும் இரண்டு வளைவு.